எல்லாம் ஷோரூமிலேயே முடிக்கலாமா, தனித்தனியாகப் பார்க்கலாமா? புதிய கார் வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் எஞ்சினோடு வரும் கார்கள் இந்தக் கணக்கில் அடங்கும். அதற்குப் பிறகு முதல் கார் வாங்கக் கிளம்பிய குடும்பங்கள் ஏராளம். எந்த மாடல் என்பதை அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். குழப்பம் ஷோரூமில் உட்கார்ந்த பிறகுதான் தொடங்குகிறது. கடன், இன்ஷூரன்ஸ், பழைய கார், சீட் கவர், கூடுதல் வாரன்டி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்கிறார்கள். "கையெழுத்து மட்டும் போடுங்கள் சார், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். வீட்டிலோ மைத்துனர், "அங்கே காரைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள் மாமா" என்கிறார். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவர்கள் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. அனைத்தையும் ஷோரூமிலேயே முடிப்பது. காரை மட்டும் அங்கே வாங்கி மற்றவற்றை வெளியே பார்ப்பது. ஆண்டுக் கடைசியில் தள்ளுபடியில் வரும் இருப்பு வண்டியை எடுப்பது. வாடிக்கையாளர்கள் ஓட்டிப் பார்க்க ஷோரூம் வைத்திருக்கும் டெமோ காரை வாங்குவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடனை வெளியே ஏற்பாடு செய்யுங்கள். காப்பீட்டுக்கு வெளியே விலை கேட்டுவிட்டு, அதே விலைக்கு ஷோரூமில் கேளுங்கள். பழைய கார் விஷயத்தில் வித்தியாசம் சிறியதாக இருந்தால் ஷோரூமிடமே கொடுத்துவிடுங்கள். இதற்கான காரணங்கள் கீழே.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல் பணம். வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையோடு நிற்காமல், கடைசித் தவணை வரை கையை விட்டுப் போகும் மொத்தத் தொகையைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, வண்டி அடிபட்டு ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாளில் யார் உதவுவார்கள் என்பது. மூன்றாவது, காகிதங்கள். ஆர்.சி. (பதிவுச் சான்று), பாலிசி, கடன் ஒப்பந்தம் ஆகியவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நாம் பார்த்துக் கையெழுத்திட்டோமா? நான்காவது அலைச்சல். விடுப்பு எடுக்க முடியாதவருக்கு இதுவும் பணத்துக்குச் சமம். ஐந்தாவது, நாளை விற்கும்போது கிடைக்கும் விலை.

இந்த ஐந்தில் எது தனக்கு முக்கியம் என்று முடிவு செய்யாமல் ஷோரூமுக்குள் நுழைபவருக்கு, விற்பனைப் பிரதிநிதி ஆறாவதாக ஓர் அளவுகோலைக் கையில் கொடுத்துவிடுவார்: மாதத் தவணை. "மாதம் பதினைந்தாயிரம் கட்ட முடியுமா சார்?" என்று கேட்டு, கால்குலேட்டரை நம் பக்கம் திருப்பி, தாளில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார். வட்டத்துக்குள் கண் போன பிறகு மேலே உள்ள வரிகளை யாரும் படிப்பதில்லை.

## அதற்கு முன் கொட்டேஷனை மூன்றாகப் பிரியுங்கள்

எந்த வழியில் போனாலும் இதைச் செய்துவிட்டுப் போங்கள். ஆன்ரோடு விலையில் மூன்று பேருடைய பணம் கலந்திருக்கிறது. ஒன்று அரசுக்கு, ஒன்று தயாரிப்பு நிறுவனத்துக்கு, ஒன்று டீலருக்கு. பேரம் பேசக்கூடியது மூன்றாவது மட்டுமே.

அரசுக்குப் போகும் பணத்தில் பெரியது ஆயுட்கால வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் காரின் விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். இந்தப் படிக்கட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. 9,95,000 ரூபாய் காருக்கு வரி 1,29,350 ரூபாய். "இன்னும் வெறும் பதினைந்தாயிரம்தான் சார், அடுத்த வேரியன்ட் கிடைத்துவிடும்" என்ற பேச்சில் 10,10,000 ரூபாய் காருக்கு மாறினால் வரி 1,81,800 ரூபாய். பதினைந்தாயிரம் என்று சொன்னது உண்மையில் 67,450 ரூபாய். இதைத் தவிர, 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அது செலவு அல்ல, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். கணக்கே தாக்கல் செய்யாதவருக்கு மட்டும் அது கைவிட்டுப் போன காசு.

சிலர் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்து வரியைக் குறைக்கலாம் என்று யோசனை சொல்வார்கள். அங்கே குடியிருப்பவருக்கு அது சரி. தமிழ்நாட்டில் குடியிருந்து ஓட்டப்போகிறவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். வேறு மாநிலப் பதிவு வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், வரியும் கட்ட வேண்டும்.

தயாரிப்பு நிறுவனத்தின் பக்கம் எக்ஸ்ஷோரூம் விலையும் (பதிவு, காப்பீடு சேராத காரின் விலை), அந்த மாதத்துக்கென்று அறிவிக்கப்பட்ட தள்ளுபடிகளும் வரும். நுகர்வோர் தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ் (பழைய காரைக் கொடுத்தால் கிடைப்பது), பெருநிறுவன ஊழியர்களுக்கான தள்ளுபடி என்று தனித்தனியாக இருக்கும். அரசு ஊழியர், ஆசிரியர், வங்கி ஊழியர் என்றால் கடைசியாகச் சொன்னதைக் கேட்டு வாங்குங்கள். நாம் கேட்காவிட்டால் அது நமக்கு வராமலே போகலாம்.

டீலரின் பக்கம்தான் "ஹேண்ட்லிங் சார்ஜ்", "லாஜிஸ்டிக்ஸ்", "டிப்போ செலவு" போன்ற கட்டணங்கள் வரும். ஆலையிலிருந்து ஷோரூம் வரை வண்டி வந்து சேரும் செலவு எக்ஸ்ஷோரூம் விலையிலேயே அடங்கியது. இந்தக் கட்டணங்கள் அரசு விதிப்பவை அல்ல. "இதற்கு ரசீது தனியாகத் தருவீர்களா?" என்று அமைதியாகக் கேளுங்கள். பல இடங்களில் அந்தக் கட்டணம் அத்தோடு காணாமல் போகும்.

## வழி 1: எல்லாம் ஷோரூமிலேயே

இதன் பெரிய பலம் அலைச்சலின்மை. ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எல்லாம் முடிந்துவிடும். விபத்து நேர்ந்தாலும் அதே டீலரின் ஒர்க்‌ஷாப், அவர்களே போட்டுக்கொடுத்த பாலிசி, அவர்களுக்குப் பழக்கமான சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்). பழுதுச் செலவைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் வசதி தடங்கலில்லாமல் நடக்கும். வயதான பெற்றோர் மட்டும் ஊரில் இருந்து, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி வாங்கும் கார் என்றால் இந்த வசதி மிகவும் மதிப்புள்ளது.

மறைந்திருக்கும் செலவில் முதலிடம் கடனுக்கு. "ஆறு சதவீதம்தான் சார்" என்று சொன்னால் உடனே கேட்க வேண்டிய கேள்வி, அது ஃபிளாட் வட்டியா, குறையும் நிலுவைக்கான வட்டியா என்பது. 7 லட்சம் ரூபாய், 5 ஆண்டு, 6 சதவீத ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 2,10,000 ரூபாய், மாதத் தவணை 15,167 ரூபாய். முதல் மாதத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டு வந்தாலும் வட்டி என்னவோ முழு 7 லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை போடப்படுகிறது. வங்கிகள் வழக்கமாகச் சொல்லும் குறையும் நிலுவைக் கணக்கில் இது சுமார் 10.85 சதவீதம். அதே 7 லட்சத்தை 9 சதவீதக் குறையும் நிலுவை வட்டியில் ஒரு வங்கி தந்தால் தவணை 14,531 ரூபாய். ஐந்தாண்டில் மிச்சம் 38,000 ரூபாய்க்கு மேல். ஆறு என்ற எண் ஒன்பதைவிடப் பெரியதாகிவிடும் இடம் இதுதான்.

இதைப் பிடிக்க எளிய வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, 2024 அக்டோபர் 1 முதல் கார் கடன் உட்பட, தனிநபர்கள் வாங்கும் கடன்களுக்கு முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கை ஒன்றை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். கே.எஃப்.எஸ். என்று சொல்வார்கள். அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு வரி இருக்கும். செயலாக்கக் கட்டணம் முதலியவற்றையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி அது. இரண்டு கடன்களை ஒப்பிட அந்த ஒரு வரி போதும். கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். அந்த அறிக்கையிலேயே, கடனோடு சேர்த்து ஆயுள் காப்பீடு ஏதாவது நுழைக்கப்பட்டிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது காப்பீடு. புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் பிறருக்கு வரும் பாதிப்புக்கானது) மூன்று ஆண்டுக்கு எடுத்தாக வேண்டும். 2018 செப்டம்பர் முதல் அது கட்டாயம். அதன் பிரீமியம் அரசு நிர்ணயிப்பது: 2022 ஜூன் விகிதப்படி 1000 சி.சி. வரை 6,521 ரூபாய், 1000 முதல் 1500 சி.சி. வரை 10,640 ரூபாய், அதற்கு மேல் 24,596 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. எங்கே எடுத்தாலும் இது மாறாது. மாறுவதெல்லாம் நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பகுதியும் அதோடு ஒட்டும் கூடுதல் பாதுகாப்புகளும்தான். ஷோரூம் தாளில் "இன்ஷூரன்ஸ்" என்று ஒரே வரியாக ஒரு தொகை இருந்தால், அதைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். சொந்தச் சேதப் பிரீமியத்தில் எத்தனை சதவீதம் தள்ளுபடி கொடுத்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

"எங்களிடம் எடுத்தால்தான் டெலிவரி" என்று சொன்னால் அது தவறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2017இல் வகுத்த நெறிமுறைகளின்படி டீலர்கள் காப்பீடு விற்கலாம், தங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. "எங்களிடம் எடுத்தால் கூடுதல் தள்ளுபடி" என்று சொன்னால் அது வேறு. அப்போது இரண்டு தொகைகளையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

கூடுதல் பாதுகாப்புகளில் மாற்றும் பாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்காத பாலிசி புதிய காருக்கு அவசியம். மழைத் தண்ணீர் தேங்கும் ஊரில் இருப்பவர்களுக்கு எஞ்சின் பாதுகாப்பும் அவசியம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் கார்கள் மிதந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாவி தொலைந்தால், டயர் கிழிந்தால் என்று நீளும் பட்டியலை அவரவர் தேவைப்படி வெட்டலாம்.

ஆக்சஸரீஸ் பற்றி ஒன்று மட்டும். "25,000 ரூபாய் மதிப்புள்ள பொருள்கள் இலவசம்" என்பதை ரொக்கத் தள்ளுபடியாகத் தரச் சொல்லுங்கள். பாதித் தொகை தந்தாலும் அதுவே மேல். முன்பம்பரில் இரும்புக் கம்பி மாட்டித் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அத்தகைய கம்பிகள் கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் அது கெடுக்கக்கூடும்.

## வழி 2: காரை மட்டும் ஷோரூமில், மற்றவை வெளியே

பணம் என்ற அளவுகோலில் இந்த வழிதான் பெரும்பாலும் வெல்லும். வங்கியில் கடனுக்கு முன்அனுமதி வாங்கிக்கொண்டு போகிறவரிடம் தவணையை வைத்துப் பேச முடியாது. காரின் விலையை மட்டுமே பேச வேண்டியிருக்கும். மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதமும் கிடையாது. போனஸ் வரும்போது கொஞ்சம் கட்டிவிடலாம்.

பழைய காரின் காப்பீட்டில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸை இந்த இடத்தில் மறக்காதீர்கள். ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும். அந்தப் போனஸ் வண்டிக்கு உரியது அல்ல, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்றதும் காப்பீட்டு நிறுவனத்திடம் சான்று வாங்கிவைத்தால் மூன்று ஆண்டுக்குள் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். 14,000 ரூபாய் சொந்தச் சேதப் பிரீமியம் என்றால் 7,000 ரூபாய் மிச்சம். ஷோரூமில் எடுத்தாலும் இதைக் கேட்டுப் பெறலாம், யாரும் தாமாகச் சொல்வதில்லை.

இனி இந்த வழியின் மறைமுகச் செலவுகள். வெளியே வாங்கிய பாலிசியில் சேசிஸ் எண்ணில் (வண்டியின் அடையாள எண்) ஓர் எழுத்து மாறினாலும் பதிவு நின்றுவிடும். திருத்தம் வாங்குவது நம் தலையில். நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கேஷ்லெஸ் வசதி இல்லையென்றால், விபத்தன்று முழுப் பணத்தையும் நாம் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டும். ஆகவே பாலிசி எடுக்கும் முன் சர்வீஸ் மேலாளரிடமே போய், எந்த நிறுவனங்களின் கிளெய்ம் இங்கே இழுபறி இல்லாமல் முடிகிறது என்று கேளுங்கள். விற்பனைப் பிரிவில் இருப்பவரைவிட அவருக்குத்தான் இது தெரியும்.

இன்னொரு முக்கியமான ஆபத்து பழைய காரை வெளியே விற்பதில் இருக்கிறது. தெரிந்தவருக்கு விற்றுவிட்டு, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். வாங்கியவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே போகாமல் இருந்தால், பதிவேட்டில் உரிமையாளர் நாம்தான். அந்தக் கார் யாரையாவது இடித்தால் நீதிமன்ற நோட்டீஸ் நம் வீட்டுக்கு வரும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பழைய வாகன விற்பனையாளரிடம் ஒப்படைத்தால் படிவம் 29சி மூலம் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவித்துவிடலாம். அதன்பின் பொறுப்பு அவருடையது. தனிநபருக்கு விற்பதானால் பெயர் மாற்றம் முடியும் வரை கொஞ்சம் பணத்தை நிறுத்திவைப்பதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

ஒரு கணக்கு: பழைய காரை வெளியே 2,40,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். ஷோரூமில் 2,00,000 ரூபாய், அதோடு 25,000 ரூபாய் எக்ஸ்சேஞ்ச் போனஸ். வித்தியாசம் 15,000 ரூபாய்தான். இந்தத் தொகைக்காக அந்தப் பொறுப்பைச் சுமக்க நான் சம்மதிக்க மாட்டேன். வித்தியாசம் ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் யோசிக்கலாம். சில நிறுவனங்கள், பழைய காரை வெளியே விற்றுப் பெயர் மாற்றிய ஆதாரத்தைக் காட்டினாலும் போனஸ் தருவது உண்டு. அதையும் கேட்டுவிடுங்கள்.

## வழி 3: ஆண்டுக் கடைசி இருப்பு

டிசம்பரில் டீலரின் கிடங்கில் நிற்கும் வண்டிகள் ஜனவரி பிறந்ததும் "போன வருடத்து மாடல்" ஆகிவிடும். அதனால் நிறுவனமும் டீலரும் தள்ளுபடியை உயர்த்துவார்கள். நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. டிசம்பர் நடுவில் மார்கழி தொடங்கிவிடும், பலர் வண்டி எடுக்க மாட்டார்கள். ஆடியிலும் இப்படித்தான். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் வரிசையில் நிற்கும் கூட்டம் அப்போது இருக்காது. நேரம் காலம் பார்க்காதவர்களுக்கு இந்த இரண்டு மாதங்களிலும் பேரம் பேசும் பலம் அதிகம். பார்ப்பவர்கள்கூட மார்கழியில் விலையை எழுத்தில் முடித்துக்கொண்டு தையில் டெலிவரி எடுப்பதுண்டு. ஜனவரியில் விலை ஏறினால் யார் ஏற்பது என்பதை அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.

இழப்பு விற்கும் நாளில் வரும். பழைய கார் வாங்குபவர் பதிவு ஆண்டை விடுத்து உற்பத்தி ஆண்டைத்தான் பார்ப்பார். ஆர்.சி.யில் அது அச்சாகியிருக்கும். மூன்று, நான்கு ஆண்டில் மாற்றிவிடும் வழக்கமுள்ளவருக்கு ஓர் ஆண்டு வித்தியாசம் தள்ளுபடியை விழுங்கிவிடும். எட்டு, பத்து ஆண்டு ஓட்டுபவருக்கு அது பொருட்டே இல்லை. பதிவுச் சான்றின் 15 ஆண்டுக் காலமும் பதிவு நாளிலிருந்துதான் ஓடும்.

எத்தனை மாதமாக நிற்கும் வண்டி என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். டயரின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். நான்கு சக்கரமும் ஸ்டெப்னியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் செய்யப்பட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். விற்பனைச் சான்றான படிவம் 21இல் உற்பத்தி ஆண்டைச் சரிபார்க்காமல் முழுப் பணத்தைக் கட்ட வேண்டாம்.

## வழி 4: டெமோ கார்

இது சிலருக்கு மட்டுமே. டீலர் பெயரில் பதிவான டெமோ காருக்கு ஆயுட்கால வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்பதுதான் பெரிய லாபம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காரில் இந்த 18 சதவீதம் பெரிய தொகை. ஆனால் ஆர்.சி.யில் நாம் இரண்டாவது உரிமையாளர். வாரன்டி முதல் பதிவு நாளிலிருந்து கரைந்துகொண்டிருக்கிறது. வங்கி இதைப் பழைய கார் கடனாகக் கருதி அதிக வட்டி போடலாம். எஞ்சின் சூடாகும் முன்பே பலர் முறுக்கி ஓட்டிப் பார்த்த வண்டி என்பதையும் மறக்கக் கூடாது. கடன் இல்லாமல் வாங்குபவர், நீண்ட காலம் வைத்திருப்பவர், தெரிந்த மெக்கானிக்கை உடன் அழைத்துப் போகக்கூடியவர் ஆகியோர் மட்டும் பார்க்கலாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | எல்லாம் ஷோரூமில் | தனித்தனியாக | ஆண்டுக் கடைசி இருப்பு | டெமோ கார் |
|---|---|---|---|---|
| மொத்தப் பணம் | அதிகம், கேட்காவிட்டால் மிக அதிகம் | குறைவு | குறைவு | மிகக் குறைவு, கடன் இல்லாவிட்டால் |
| விபத்தன்று உதவி | எளிது | காப்பீட்டு நிறுவனத்தைப் பொறுத்தது | எங்கே காப்பீடு எடுத்தோம் என்பதைப் பொறுத்தது | அதேதான் |
| காகிதங்கள் | அவர்கள் கையில் | நம் கையில் | உற்பத்தித் தேதி கவனம் | பெயர் மாற்றம் கவனம் |
| அலைச்சல் | மிகக் குறைவு | அதிகம் | நடுத்தரம் | அதிகம் |
| மறுவிற்பனை | முழு மதிப்பு | முழு மதிப்பு | ஓர் ஆண்டு குறைவு | இரண்டாவது உரிமையாளர் கணக்கு |

## விற்பனைப் பிரதிநிதியோடு பேசும்போது

அவரை எதிரியாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் ஒரு பையன் அல்லது பெண், குறைந்த அடிப்படைச் சம்பளம், மாத இலக்கு, அந்த இலக்கில் கார் மட்டுமல்லாமல் காப்பீடு, கடன், கூடுதல் வாரன்டி எல்லாம் அடக்கம். நாம் வெளியே கடன் வாங்குகிறோம் என்றால் அவருடைய கணக்கில் ஒன்று குறைகிறது. அதனால்தான் முகம் மாறுகிறது. "தம்பி, கடன் என் வங்கியில்தான். காப்பீடு உங்களிடமே எடுக்கிறேன், இந்த விலைக்குக் கொடுங்கள்" என்று வெளியே வாங்கிய கொட்டேஷனைக் காட்டினால் அவருக்கும் மேலாளரிடம் போய்ப் பேச ஒரு காரணம் கிடைக்கும். பெரும்பாலும் விலை இறங்கும். இப்படி முடித்தால் கேஷ்லெஸ் வசதியும் கைக்கு வரும், பணமும் மிஞ்சும். முதல் இரண்டு வழிகளின் நன்மையும் சேர்ந்து கிடைக்கும் ஒரே இடம் இது.

ஒரே நிறுவனத்தின் இரண்டு டீலர்களிடம் விலை கேளுங்கள். இரண்டு ஷோரூம்களும் ஒரே முதலாளியுடையவை அல்ல என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். திருச்சியில் இருப்பவர் தஞ்சாவூரிலும், கோவையில் இருப்பவர் திருப்பூரிலும் கேட்கலாம். நிறுவனத்தின் வாரன்டி எந்த ஊர் சர்வீஸ் சென்டரிலும் செல்லும். வாய்ச்சொல் வேண்டாம், வாட்ஸ்அப்பிலாவது வரிவரியாக எழுதி வாங்குங்கள். "இந்தச் சலுகை இன்றோடு முடிகிறது" என்றால், இந்த மாதக் கடைசிக்கு முன் வந்து முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம். நிறுவனத்தின் திட்டங்கள் பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் ஓடுகின்றன, நாள் கணக்கில் அல்ல.

முன்பணத்தை ஷோரூமின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். பிரதிநிதியின் சொந்த எண்ணுக்கு யு.பி.ஐ.யில் அனுப்பவே கூடாது. ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதையும் வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடை செய்திருக்கிறது. முன்பணம் திருப்பித் தரப்படுமா, எவ்வளவு பிடிப்பார்கள் என்பது ரசீதில் இருக்க வேண்டும்.

நான் மிகவும் வருத்தத்தோடு கவனிக்கும் ஒரு விஷயம் டெலிவரி நாள். பட்டுத்துணி போர்த்திய கார், அட்டையில் செய்த பெரிய சாவி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், கையில் தேங்காயோடு தாத்தா, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அப்பா. நல்ல நேரம் முடிய இன்னும் கால் மணி நேரம். அப்போதுதான் அக்கவுன்ட்ஸிலிருந்து ஒரு தாள் வரும், "இதில் ஒன்பதாயிரம் பாக்கி இருக்கிறது சார்" என்று. குடும்பத்தின் முன்னால் யார் வாதாடுவார்கள்? கட்டிவிடுகிறார்கள். ஆகவே, கணக்கு முழுவதும் முடிந்து, பாக்கி ஏதுமில்லை என்று எழுதி வாங்கிய பிறகே நாள் குறியுங்கள். வண்டியையும் பதிவுக்கு முன்பே, கிடங்கிலேயே, பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். கதவு இடுக்குகளில் வண்ணம் ஒரே சீராக இருக்கிறதா, ஓடோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது, சேசிஸ் எண் தாளில் உள்ளதுதானா என்று சரிபாருங்கள். பதிவாகிவிட்ட வண்டியில் குறை கண்டுபிடித்தால் மாற்றித் தரச் சொல்வது மிகக் கடினம்.

## யாருக்கு எது?

பழைய கார் இல்லாத, மாதச் சம்பளக்காரரான முதல்முறை வாங்குபவர்: கடன் சம்பளக் கணக்குள்ள வங்கியில், காப்பீடு வெளிவிலையைக் காட்டி ஷோரூமில். கூடுதல் வாரன்டியை உடனே எடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான நிறுவனங்களில் அடிப்படை வாரன்டி முடிவதற்குள் வாங்கலாம், விலை மட்டும் சற்று ஏறும். அலைய ஆளில்லாத பெரியவர்கள்: எல்லாவற்றையும் ஷோரூமிலேயே முடிக்கட்டும், ஆனால் கே.எஃப்.எஸ். தாளையும் காப்பீட்டுத் தொகையைப் பிரித்துக் காட்டும் தாளையும் பிள்ளைகளுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடட்டும். பத்து ஆண்டு ஓட்டும் எண்ணமுள்ளவர்கள் மார்கழிக்குக் காத்திருக்கலாம். மூன்றாண்டில் மாற்றுபவர்கள் தை பிறந்த பிறகு, அந்த ஆண்டே உற்பத்தியான வண்டியைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டவர்களுக்கும் காலம் கடந்துவிடவில்லை. கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வரை கடனை மாற்றலாம். பாலிசி போட்டுப் பதிவுக்கு அனுப்பும் வரை காப்பீட்டை மாற்றலாம். இன்றே ஷோரூமுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இறுதிக் கொட்டேஷனை வரிவரியாகப் பிரித்துத் தருமாறும், ஒதுக்கப்பட்ட வண்டியின் சேசிஸ் எண்ணையும் உற்பத்தி மாதத்தையும் தெரிவிக்குமாறும் கேளுங்கள். பதில் வரும் வரை அடுத்த தொகையைக் கட்ட வேண்டாம்.